குலா மெலாக்கா உடைத்த பல்

1

நான் மலாய் நாட்டு ஈப்போவுக்கு வந்து சேர்ந்தது ஒரு கிருஷ்ண ஜெயந்தி வாரத்தில். அதனால் ஆண்டுக்கணக்கைத் தனியாக வைத்துக்கொள்வதில்லை. சீடை உருட்டும் நாள் வந்தால் இங்கே இன்னோர் ஆண்டு ஓடிவிட்டது என்று பொருள். தேவகோட்டையிலிருந்து புதுப்பெண்ணாக வந்தவளுக்கு இப்போது தஞ்சோங் மாலிமில் ஆசிரியர் படிப்புப் படிக்கும் மகள் இருக்கிறாள். இந்த ஆண்டு அந்த நாளில் எனக்குக் கிடைத்த பரிசு, மேல்வரிசையில் ஒரு முன்பல் பாதி போன வாய். சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டு வாருங்கள், மிச்சத்தைச் சொல்கிறேன்.

என் வீட்டுக்காரர் சொக்கலிங்கத்துக்கு ஊருக்குள்ளேயே சிலிபின் பகுதியில் நோட்டுப் புத்தகம், பேனா விற்கும் கடை. நான் வீட்டு அடுப்படியிலேயே பலகாரம் செய்து விற்கிறேன். தேன்குழல், மனகோலம், சீப்புச் சீடை, அதிரசம். வள்ளியம்மை கைப்பலகாரம் என்றால் இந்தப் பக்கம் நாலு பேருக்குத் தெரியும். அந்தப் பெயரை நான் சும்மா வாங்கவில்லை, அடுப்பில் வெந்து வாங்கியிருக்கிறேன்.

இந்த முறை சோதனை வெல்லத்தில் வந்தது. வழக்கமாக வாங்கும் கடையில் வெல்லம் கசிந்து புளித்த வாடை அடித்தது. புதுச் சரக்கு வர நாளாகும் என்றார்கள். பக்கத்து மலாய்க்காரர் கடையில் குலா மெலாக்கா அடுக்கியிருந்தது. தென்னம்பாளைப் பதநீரைக் காய்ச்சி உருளை உருளையாக எடுக்கிற இந்த ஊர் வெல்லம், கறுத்த நிறம், மணமோ ஆளைத் தூக்கும். இதுவும் வெல்லம்தானே என்று வாங்கி வந்துவிட்டேன்.

"வள்ளி, விஷப் பரீட்சை வேணாமே. மொதல்ல ஒரு கை செஞ்சு பாத்துட்டு மத்தத செய்யேன்" என்றார் வீட்டுக்காரர்.

"பேனா விக்கிறவுக பேனா வேலையப் பாருங்க. பாகு பதம் எனக்குத் தெரியும்" என்றேன்.

தெரியவில்லை. குலா மெலாக்காப் பாகு எனக்குப் பழகிய நேரத்தில் உருண்டு வரவில்லை. நானும் விடுவேனா, கொதிக்கட்டும் என்று நின்றேன். மாவில் கொட்டிப் பிசைந்து, உருட்டிப் பொரித்து எடுத்தபோது அழகென்றால் அப்படி ஓர் அழகு. ருசி பார்க்கவில்லை. சாமிக்குப் படைக்கிற பலகாரத்தைப் படைக்கும் முன்னால் நாக்கில் வைக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். கேட்டவர்களும் படைக்கத்தானே கேட்டார்கள்? நாலு வீட்டுக்கு நாலு டின்னில் போட்டுக் காலையிலேயே அனுப்பிவிட்டேன்.

சாயங்காலம் விளக்கேற்றி, சூடம் காட்டி, கண்ணனுக்கு முதலில் கொடுத்துவிட்டு ஒரு சீடையை முன்பல்லில் வைத்துக் கடித்தேன். டக் என்று சத்தம். சீடை உடைந்தது என்றுதான் நினைத்தேன். கையைப் பார்த்தால் சீடை முழுசாக இருக்கிறது.

2

துண்டைத் தேடினோம், கிடைக்கவில்லை. அது வயிற்றுக்குள் போயிருக்க வேண்டும். தன் பல்லைத் தானே தின்ற புண்ணியவதி நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஆனால் அந்த நிமிடத்தில் பல் எனக்குப் பெரிதாகப் படவில்லை. நாலு டின் நாலு வீட்டில் இருக்கிறதே! ஓடிப் போய்த் தொலைபேசியை எடுத்தேன்.

முதல் வீட்டில் அப்போதுதான் விளக்கேற்றிக்கொண்டிருந்தார்கள். "நல்லாக் கும்பிடுங்க. கும்பிட்டுட்டு அந்தச் சீடையத் தொட்டுறாதீங்க" என்றேன். உடைந்த பல் வழியாகக் காற்றுப் போய், எனக்கே என் குரல் வேறு யாருடையதோபோல் கேட்டது. இரண்டாவது வீட்டுப் பெரியவர், "கல்கண்டு மாதிரி வாயில ஒதுக்கி வச்சிருக்கேன்மா, ஜோரா இருக்கு" என்றார். துப்பச் சொன்னால் மாட்டேன் என்கிறார். மூன்றாவது வீட்டில் பேரப்பிள்ளைகள் அதை வைத்துத் தரையில் கோலி ஆடிக்கொண்டிருந்தார்களாம். மானம் கப்பலேறியது, ஆனாலும் பற்கள் தப்பின.

நாலாவது வீடு ராஜேஸ்வரி அக்கா வீடு. அவர் தாத்தா காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். அக்கா அரசாங்க அலுவலகத்தில் வேலை பார்க்கிறார். என் பலகாரத்தை இந்த ஊரில் முதன்முதலில் காசு கொடுத்து வாங்கியவர் அவர்தான்.

"அக்கா, சீடைய..."

"கடிச்சாச்சு லா" என்றார், இந்த ஊர் வழக்கப்படி ஒரு 'லா' போட்டு. குரல் ஒரு கன்னத்திலிருந்து மட்டும் வந்தது. "கடைவாய்ப் பல்லு, பாதி பிட்டுக்கிச்சு. தாக் அப்பா, பரவால்ல வள்ளி. பழைய பல்லுதானே."

"பரவால்ல இல்ல அக்கா. நாளைக்குக் காலையில வாரேன், ரெடியா இருங்க. பல்லு என் செலவு" என்றேன்.

"பைத்தியமா உனக்கு? திங்கக்கிழமை கவர்மெண்டு கிளினிக் போனா சில்லறைக் காசுல முடிஞ்சிரும்."

"ராத்திரியெல்லாம் வலியோட இருப்பீங்க, திங்கக்கிழமை வரைக்குமா? என் கையால போன பல்லு, நான்தான் கட்டிக் குடுப்பேன்" என்று வைத்துவிட்டேன்.

3

ஞாயிற்றுக்கிழமையும் திறக்கிற தனியார் பல் கிளினிக் ஒன்று ஊருக்கு வெளியே இருக்கிறது. ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டமாக இருந்த இடம், இப்போது வரிசை வீடும் கடையும். வீட்டுக்காரர் காரை ஓட்டிக்கொண்டே, "முன்ன இங்க பல்வலின்னா தோட்டத்துக் கம்பவுண்டர், டிரஸர்னு சொல்வாக, அவருதான். ஒரு குறடு, பிடிச்சுக்க ரெண்டு ஆளு. பில்லே கிடையாது" என்றார். பின்சீட்டில் கன்னத்தைப் பிடித்தபடி இருந்த ராஜேஸ்வரி அக்கா, "அண்ணே, கொஞ்சம் வாய மூடிக்கிட்டு ஓட்டுங்க" என்றார்.

டாக்டர், பீடோர் ஊர்ப் பக்கத்துத் தமிழ்ப் பெண். முப்பது வயதிருக்கும். அக்காவின் பல்லைப் பார்த்து, பழைய அடைப்போடு சேர்ந்து உடைந்திருக்கிறது, வேர் நன்றாக இருக்கிறது, புதிதாகக் கட்டிவிடலாம் என்றாள். நான் அடுத்த வார்த்தை யோசிக்கவில்லை. "கட்டிருங்க" என்றேன். வெளியே வந்து, சீடை விற்று வந்ததையும் அதற்கு மேலும் எடுத்துக் கவுண்டரில் வைத்தேன். என் பெயருக்கு வந்த செலவு அது.

வேலை முடிந்து அக்காவோடு வெளியே வந்த டாக்டர் என்னையே பார்த்தாள். நான் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு பேசிக்கொண்டிருந்தேன்.

"ஆன்ட்டி, கைய எடுங்க. உங்க பல்லும்தானே?"

"அது கெடக்கட்டும்மா. ஊருக்குப் போகும்போது பாத்துக்கிறேன்."

"எப்பப் போறீங்க?"

"தைப்பூசம் முடிஞ்சு."

"அலாமாக்! இன்னும் அஞ்சு மாசமா?" என்று நாற்காலியில் உட்கார வைத்துவிட்டாள். குளிர்ந்த காற்றை ஒரு பீச்சு பீச்சினாள். என் கண்ணில் தண்ணீர் கொட்டியது. "நரம்புக்குப் பக்கத்துல போயிருக்கு. இப்ப மூடினா பல்லு பிழைக்கும். விட்டீங்கன்னா நரம்பு செத்துரும். அப்புறம் வேர் சிகிச்சை, மேல தொப்பி. இல்லன்னா பிடுங்கணும்."

விலையைக் கேட்டேன். இப்போது மூடுவதற்கு முந்நூறு ரிங்கிட்டுக்குக் கொஞ்சம் குறைவு. வேர் சிகிச்சை, தொப்பி என்று போனால் ஆயிரம் இரண்டாயிரம். நான் மனசுக்குள் அதை ரூபாயாக்கினேன். இங்கே வந்த நாளிலிருந்து கத்தரிக்காயைக்கூட அப்படித்தான் வாங்குகிறேன். "இல்லம்மா, ஊர்லயே பாத்துக்கிறேன்" என்று எழுந்துவிட்டேன்.

ராஜேஸ்வரி அக்கா மரத்துப்போன வாயோடு சிரித்தார். "என் பல்லுன்னா ஞாயித்துக்கிழமையே ஓடி வர்றே. உன் பல்லுன்னா தைப்பூசமா? ஊரார் பல்ல ஊட்டி வளத்தா தன் பல்லு தானே வளரும்னு நெனச்சியா?"

எனக்குச் சுருக்கென்றது. போய்க் காரில் ஏறினேன்.

4

வெளிநாட்டில் இருப்பவர்கள் எல்லோருக்கும் இந்தப் பழக்கம் உண்டு, ஒப்புக்கொள்வார்களோ மாட்டார்களோ. கண்ணாடி மாற்ற வேண்டுமா, ஊரில். ரத்தம் சோதிக்க வேண்டுமா, ஊரில். ரவிக்கை தைக்க, முழங்கால் வலியைக் காட்ட, பல்லைச் சுத்தம் செய்ய, எல்லாம் ஊரில். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மூன்று வாரம் போகிறோம். அந்த மூன்று வாரத்தில் பழுதுபார்க்க விட்ட வண்டிபோல ஆஸ்பத்திரிக்கும் தையல்கடைக்கும் நடுவே அலைகிறோம். இங்கே இருக்கிற நாளெல்லாம் வலியைச் சேர்த்து வைக்கிறோம்.

எனக்கு இதையெல்லாம் ஏற்பாடு செய்கிறவர் தேவகோட்டையில் இருக்கும் என் அண்ணன் முத்துராமன். அண்ணி காலமாகிவிட்டார். பிள்ளைகள் இருவரும் பெங்களூரில். அவ்வளவு பெரிய வீட்டில் அண்ணன் மட்டும். நான் வருகிறேன் என்று தெரிந்தால் போதும், ஒரு மாதம் முன்பே பல் டாக்டரிடம் நேரம் வாங்கி, கண்ணாடிக் கடையில் சொல்லி வைத்து, தையல்காரரை வீட்டுக்கே கூப்பிட்டுவிடுவார். பல் டாக்டர் அண்ணனோடு படித்தவர். நாற்காலியில் என்னைப் படுக்க வைத்துவிட்டு இரண்டு பேரும் ஊர்க்கதை பேசுவார்கள். நான் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருப்பேன். அந்த அரை மணி நேரத்தில் எனக்கு வலித்ததே இல்லை.

அன்று இரவு தொலைபேசியில் அண்ணனிடம் பல் உடைந்த கதையைச் சொன்னேன். "அங்கெல்லாம் காட்டாதே ஆத்தா, கொள்ளையடிப்பான். இங்க வா, நான் டாக்டர்ட்டச் சொல்லி வைக்கிறேன். அதுவரைக்கும் அந்தப் பக்கம் கடிக்காதே" என்றார். குரலில் உற்சாகம். என் பல் உடைந்ததில் இவருக்கென்ன இத்தனை சந்தோஷம் என்று எரிச்சல்கூட வந்தது.

தனியாருக்குக் கொடுக்க மனசில்லாமல் திங்கட்கிழமை அரசாங்கக் கிளினிக்குக்கும் போனேன். குடிமக்களுக்கு ஒரு கட்டணம், என்னைப்போல் மனைவி விசாவில் இருப்பவர்களுக்கு வேறு கட்டணம். நிரந்தரவாசத்துக்குப் போட்ட என் மனு இன்னும் நடையாய் நடக்கிறது. கவுண்டர் பெண்ணிடம் மலாயில் பல் உடைந்துவிட்டது என்று சொல்லப்போய், பதற்றத்தில் பல் 'ஹாபிஸ்' என்றேன். தீர்ந்துபோச்சு என்று அர்த்தம். அவள் பதறி, "எல்லாமா?" என்றாள். வாயைத் திறந்து காட்டினேன். இருவருமே சிரித்துவிட்டோம். பாஸ்போர்ட், திருமணப் பத்திரம், விசா எல்லாம் பார்த்துவிட்டு, அவசரம் இல்லாத வேலை என்பதால் தேதி தள்ளித்தான் கிடைக்கும் என்றாள். நல்ல பெண். சட்டத்தை அவளா எழுதினாள்?

5

அடுத்த சில நாள் நான் பட்ட பாட்டை என் எதிரியும் படக் கூடாது. உடைந்த விளிம்பு நாக்கை அறுத்தது. தண்ணீர் குடித்தால் மண்டைவரை ஏறியது. பல்லுப் போனால் சொல்லுப் போச்சு என்று சும்மாவா சொன்னார்கள்? பலகாரம் கேட்டு வருகிறவர்களிடம் வாயை மூடிக்கொண்டே பேசினேன். ஓர் அம்மாள், "என்ன வள்ளி, கோவமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

கோபம்தான். யார்மேல் என்றுதான் தெரியவில்லை. அந்தக் கோபத்தில் மிச்சமிருந்த குலா மெலாக்காவை எடுத்தேன். இந்த முறை கரைத்து, வடிகட்டி, ஒரு கொதி வந்ததும் இறக்கினேன். கொஞ்சமாகப் பிசைந்து பொரித்தேன். கரகரப்பாகவும் இல்லை, கல்லாகவும் இல்லை, விரலால் அழுத்தினால் மெத்தென்று விண்டது. வாயின் ஓரத்தில் வைத்துக் கடித்துப் பார்க்கலாம் என்றால் பயம். செய்தவளால் கடிக்க முடியவில்லை. வீட்டுக்காரரிடம் நீட்டினேன்.

"நான் கடிக்கணுமா?" என்று ஓரடி பின்னால் போனார்.

"பயமா இருந்தா விடுங்க."

கடித்தார். கண்ணை மூடினார். "வள்ளி, இது நம்ம ஊரு வெல்லத்த விட நல்லா இருக்குடி" என்றார். எனக்கு ஆசையாக இருந்தது, அழுகையும் வந்தது. என் கைச் சீடை எப்படி இருக்கிறது என்று அடுத்தவர் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறதே! தீபாவளிக்கு ஆர்டர் எடுக்கத் தொடங்க வேண்டும். கடித்துப் பார்க்காமல் நான் எதை நம்பி அனுப்புவது? இன்னொருமுறை நாலு வீட்டுக்குத் தொலைபேசியில் பேச என்னால் ஆகாது.

வெள்ளிக்கிழமை மகள் தெய்வானை தஞ்சோங் மாலிமிலிருந்து வந்தாள். என் வாயைப் பார்த்ததும் பையைக் கீழே போட்டுவிட்டாள். நான் அனுப்பிய படத்தில் பார்த்ததைவிட மோசமாக இருந்திருக்க வேண்டும்.

"இன்னும் செய்யலையா மா?"

"தைப்பூசம் முடிஞ்சு ஊர்ல..."

"மா, நான் அப்ப வர முடியாது. ப்ராக்டிகல் இருக்கு, ஸ்கூல்ல போடுவாங்க. நீங்களும் அப்பாவும்தான் போணும்."

"மாமா உனக்குக் கண்ணாடிக் கடையில சொல்லி வைப்பாக..."

"கண்ணாடி நான் போன மாசமே இங்க போட்டுட்டேன் லா" என்றாள். மூக்கின்மேல் இருந்த கண்ணாடியை அப்போதுதான் கவனித்தேன். புதிது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "போர்டு தெரியல, கிளாஸ் இருக்கு, எப்படி மா காத்திருக்கிறது?" என்றாள். சண்டைக்குச் சொல்லவில்லை, சாதாரணமாகச் சொன்னாள்.

இரண்டு ஆண்டாக அவள் எங்கள் கையை விட்டுப் போகிறாள் என்று நான் உள்ளுக்குள் புலம்பிக்கொண்டிருந்தேன். எங்கும் போகவில்லை, அவள் இருக்கிற இடத்தில் இருக்கிறாள். கண் தெரியவில்லை என்றதும் கண்ணாடி போட்டுக்கொண்டாள். நான்தான் இங்கே இருந்துகொண்டே இங்கே இல்லாமல் இருக்கிறேன். போதும் என்று தோன்றியது. அந்த இடத்திலேயே பீடோர் டாக்டருக்குத் தொலைபேசி போட்டு, மறுநாள் காலை முதல் ஆளாக நேரம் வாங்கினேன்.

6

செட்டிநாட்டுக்காரி பேரம் பேசாமல் எதையும் வாங்கியதில்லை. நாற்காலியில் சாய்ந்துகொண்டே, "விலையக் கொஞ்சம் பாத்துப் போடும்மா. போன வாரம் ஒரு ஆளக் கூட்டிட்டு வந்தேன்ல?" என்றேன்.

"ஆன்ட்டி, இது பாசார் மாலாம் இல்ல லா" என்று சிரித்தாள். சந்தைக் கடை இல்லை என்கிறாள். ஆனாலும் சோதனைக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்தாள். பிறகு பல் நிறத்துண்டுகளை என் பல்லோடு ஒன்றொன்றாக வைத்துப் பார்த்தாள். "வெள்ளையாப் போடவா?" என்று கேட்டாள். "என் பல்லு என்ன நெறமோ அதையே போடு. ஒரு பல்லு மட்டும் கல்யாணப் பொண்ணாட்டம் இருக்க வேணாம்" என்றேன்.

ஊசி, நீல விளக்கு, தேய்க்கிற சத்தம். ஊர்க்கதை பேச யாரும் இல்லை. டாக்டர் வேலையில் குனிந்திருந்தாள். மகள் வெளியே உட்கார்ந்திருந்தாள். நாற்காலிக் கைப்பிடியை நான் இறுக்கிப் பிடித்திருந்தேன், ஆனால் எழுந்து ஓடத் தோன்றவில்லை. நரம்பு பிழைத்துவிட்டது என்றே நினைப்பதாக டாக்டர் சொன்னாள். சில மாதம் பார்க்க வேண்டுமாம். பணத்தை என் பலகாரக் காசிலிருந்து எடுத்துக் கட்டினேன். ரூபாயாக்கிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் வயிறு எரிந்திருக்கும், அதனால்தான் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து, வாயின் மரப்பு விட்டதும் முதல் வேலையாக ஒரு புதுச் சீடையைக் கடைவாயில் வைத்துக் கடித்தேன். கட்டிய பல்லைக் கொண்டு கடினமானதைக் கடிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தாள். என் சீடை இப்போது கடினமில்லை. வீட்டுக்காரர் பொய் சொல்லவில்லை, நல்ல ருசி. இன்னும் பிசைந்து பொரித்து, அந்த நாலு வீட்டுக்கும் நாலு டின் போட்டு, முதல் டின்னை ராஜேஸ்வரி அக்காவுக்கு மகளிடம் கொடுத்தனுப்பினேன். அக்கா உடனே தொலைபேசியில் கூப்பிட்டார். "மொதல்ல நீ கடிச்சியா?" என்று கேட்டார். கடித்தேன் என்றதும், "அப்ப தீபாவளிக்கு அஞ்சு கிலோ எழுதிக்கோ" என்றார்.

சாயங்காலம் அண்ணனைக் காணொளியில் கூப்பிட்டேன். ஈயென்று பல்லைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கிட்டத்தில் வந்து பார்த்தார்.

"எவ்வளவு வாங்குனான்?"

சொன்னேன்.

"அடப் பாவி! அந்தக் காசுக்கு இங்க ரெண்டு பல்லு கட்டியிருக்கலாமே!"

"அண்ணே, அந்த ரெண்டு பல்லும் அங்க இருந்தா, தைப்பூசம் வரைக்கும் நான் இங்க எதக் கொண்டு கடிக்கிறது?" என்றேன்.

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. பின்னால் கூடத்தில் விளக்குப் போடாமல் இருட்டாக இருந்தது. "டாக்டர்ட்ட நேரம் வாங்கிட்டேன்" என்றார். "கண்ணாடிக்கும் சொல்லிட்டேன். சரி, தெய்வானைக்கு?"

"அவ இங்கயே போட்டுட்டாண்ணே."

கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்தார். துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"அப்ப இனிமே இங்க வர்றதுக்கு உனக்கு ஒரு வேலையும் இல்லையா ஆத்தா?"

இத்தனை ஆண்டாக ஏன் ஒரு மாதம் முன்பே டாக்டரிடம் நேரம் வாங்குகிறார் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. பல் புதிது, குரல் நன்றாகவே வந்தது.

"இல்லண்ணே, ஒரு வேலையும் இல்ல. டாக்டர், கண்ணாடி, தையக்காரரு எல்லாத்தையும் வேணாம்னு சொல்லிருங்க. மூணு வாரமும் ஒங்க கூடத்துலயே உக்காந்திருக்கப் போறேன். டிக்கெட் போட்டாச்சு."